நான் பேசும் வரை அந்த உருளை சுற்றாது

இந்த மேடைக்குத் தலைமையும் தகைமையும் சேர்க்க வந்திருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் கோப்பைத் திறந்து பேனாவை மூடி வைத்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி அவர்களே! இடப்புறம் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர் அவர்களே! கூழ்த்தொட்டியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்தாலும் சொல் வளையாத மூத்த தொழிலாளிகளே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே ஓடி வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முப்பது ஆண்டுகளாக என்னோடு துடைப்பம் பிடித்து, என் கையிலிருந்த துடைப்பத்துக்கும் பயந்த தோழிகளே! முன் வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கும் என் மகளே! இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், உலர்த்தும் உருளையின் பக்கத்தில் நின்றபடி, ஒலிபெருக்கி வழியாக என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து பேரே! அந்த ஐவரில் ஒருத்தியாய், மற்ற நால்வருக்கும் பொறுப்பாளரான, என் மகள் வயிற்றுப் பேத்தியே! உங்கள் எல்லாருக்கும் என் நடுங்கும் கைகளைக் கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

நடுங்கும் கைகள் என்றேன். வயதால் வந்த நடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபத்தாறு வயதில் இந்தக் கை ஊசியில் நூல் கோக்கும். இது பயத்தால் வந்த நடுக்கம்.

எதற்குப் பயம்? தலைவர் அவர்களுக்கு முன்னால், மேசைமேல், ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. எல்லாரும் பார்த்தீர்களா? அழகான பொத்தான். நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்கு அடுத்து வருவது அதுதான். நான் பேசி முடித்து உட்கார்ந்ததும் தலைவர் அதை அமுக்குவார். பாய்லர் அறையில் மணி அடிக்கும். நீராவியைத் திறப்பார்கள். நெருப்பு விபத்துக்குப் பிறகு பத்தொன்பது நாளாகக் குளிர்ந்து கிடக்கும் உருளை மறுபடியும் சூடேறும்; சுற்றும். நீங்கள் கைதட்டுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் நெஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பேசும் வரை அந்த உருளை சுற்றாது. அது சுற்றக் கூடாது என்பதற்காகவே பேசுகிறேன்.

என்ன அங்கே சிரிப்பு? பாட்டி மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள் என்கிறீர்களா? சரியாகச் சொன்னீர்கள். இன்று விடுவதாக இல்லை.

நாம் செய்யும் தொழில் என்ன தொழில் என்று என்றைக்காவது நின்று யோசித்திருக்கிறோமா? குழந்தையின் வாயைத் துடைக்க ஒரு தாள். சளிக்காரரின் மூக்கைத் துடைக்க ஒரு தாள். மருத்துவமனை மேசையைத் துடைக்க ஒரு தாள். அழுகிறவள் கண்ணைத் துடைக்க ஒரு தாள். எழுத உதவாது, பொட்டலம் கட்ட உதவாது, ஊதினால் பறக்கும், நனைந்தால் கரையும். இவ்வளவு மெல்லிய தாளைப் பெற்றெடுக்க எவ்வளவு வல்லிய இரும்பு வேண்டியிருக்கிறது!

மரக்கூழ் அட்டை அட்டையாக வருகிறது. தொட்டியில் விழுகிறது. சுழலும் கத்தி அதை நார் நாராகப் பிரிக்கிறது. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை நார். பார்த்தால் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஓடுகிற வலைமீது பீய்ச்சுகிறோம். தண்ணீர் கீழே இறங்க, நார் மேலே தங்க, நீராய் நெளிந்தது நாராய் நிமிர்ந்து, நாராய் நிமிர்ந்தது தாளாய்த் தவழ்கிறது. ஈரத்தாளை ஓடுகிற கம்பளப் பட்டை தூக்கிக்கொண்டு போய் உருளையின் கன்னத்தில் ஒட்டுகிறது. முக்கால் சுற்று. ஒரு தும்மல் தும்மும் நேரம். அதற்குள் காய்ந்துவிடுகிறது! காய்ந்த தாளை நீளக் கத்தி ஒன்று சுரண்டி எடுக்கிறது. சுரண்டும்போது விழுகிற பொடிச் சுருக்கம் இருக்கிறதே, அதுதான் அந்தத் தாளுக்கு மென்மை. சுருக்கம் விழுந்தால் மென்மை வரும் என்பது இந்த இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்து இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை!

சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் சிரிக்கும்போது எனக்கும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

அந்த உருளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். அதை மாப்பிள்ளை என்போம். ஏன்? வீட்டு நடுவே உட்கார்ந்திருப்பார். எல்லாரும் அவரைச் சுற்றியே ஓட வேண்டும். மேனிக்குப் பூச்சு பூசிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஒரு பங்கு கூடினாலும் முறைப்பார், ஒரு பங்கு குறைந்தாலும் முறைப்பார். இரண்டு ஆள் உயரம். உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த வார்ப்பிரும்பு. வயிறு முழுக்க அடைபட்ட நீராவி. உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் இரண்டடி தள்ளி நிற்கிறீர்களா இல்லையா? ஆயிரம் குக்கரை ஒரே குக்கராக்கிப் படுக்க வைத்து உருட்டினால் அதுதான் மாப்பிள்ளை. அந்த இரும்பில் ஒரு மயிரிழை கீறினால் போதும். மீதியை உள்ளே இருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும்.

இப்படி எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். வேறோர் ஆலையிலிருந்து நம்மிடம் வேலைக்கு வந்தாரே ஒரு ஃபிட்டர், காது கேட்காதவர், நினைவிருக்கிறதா? ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் உருளை வெடித்தது. ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாரே, அதனால் நேராக முகத்துக்கு முன்னால் நின்று கேட்டேன்.

"அண்ணே, சத்தம் ரொம்பப் பெருசா இருந்துச்சா?"

"சத்தமா? எனக்கு எப்படிம்மா தெரியும்? அது வந்து சேர்றதுக்குள்ள காது போயிடுச்சு."

"கூட இருந்தவங்க?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். போய்விட்டார். அந்தப் பதிலைக் கேட்ட நாள்முதல் நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சத்தமாகப் பெருக்கியதுகூட இல்லை.

அந்த உருளைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலைக்குத்தான் என் பேத்தி போனாள். தூசி பெருக்குகிறவளின் பேத்தி, அந்தத் தூசியைக் கிளப்புகிற இயந்திரத்துக்கே அதிகாரி! நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள்; அவள் படித்த புத்தகத்தைத் தூக்கி வைக்கவே இரண்டு கை வேண்டும். பெருமை இல்லாமல் இருக்குமா? நடை மாறிப்போயிற்று எனக்கு. "பேத்திக்கு ஹெல்மெட் வெள்ளையாமே?" என்று யாராவது கேட்டால், கேட்காதது போல் நின்று இன்னொரு தடவை கேட்க வைப்பேன்.

பொறுப்பேற்ற முதல் வாரம் அவள் என்ன செய்தாள்? ஷிப்டில் இருந்த அத்தனை பேரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டாள். மின்னடுப்பில் ஒரு கனத்த கண்ணாடித் தட்டைக் காய வைத்தாள். கேட்டாள்:

"இந்தத் தட்டுக்குக் கீழ தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"தண்ணி ஊத்துவோம்," என்றார்கள் எல்லாரும்.

ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து நடுவில் ஊற்றினாள். படார்! தட்டு மூன்றாகப் பிளந்தது. முன்னால் நின்ற எண்ணெய் போடுகிறவர் பின்னால் நின்ற என் காலை மிதித்தார்.

"மாப்பிள்ளையும் இப்படித்தான். சூடா இருக்கிற இரும்புல ஒரு எடத்துல மட்டும் பச்சத்தண்ணி பட்டா, அந்த எடம் சுருங்கும், மிச்ச எடம் சுருங்காது. நடுவுல கிழியும். அது நின்னுக்கிட்டு இருந்தா இன்னும் மோசம். அதனால தீப்பிடிச்சா ஆவிய மூடணும், உருளைய மெதுவா சுத்த வெச்சுக்கிட்டே இருக்கணும், பவுடர் சிலிண்டர்தான் அடிக்கணும். மாப்பிள்ள மேல தண்ணி?"

"இல்ல!" என்று கத்தினோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டும் இப்படித்தான் தொடங்குகிறது. அவள் கேட்பாள், நாங்கள் கத்துவோம். எல்லாரிலும் உரக்கக் கத்தியவள் யார்? நான். என் பேத்தி கேட்கிறாள் அல்லவா, தொண்டை கிழியக் கத்துவேன்.

இதோ, மேலாளர் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. ஐயா, உங்கள் கையெழுத்து அழகு. சீட்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். பேச்சை மடிக்க மாட்டேன்.

நெருப்புப் பிடித்த நாளுக்கு வருகிறேன். அந்த நாளின் கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்கள். அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறது. சற்றுமுன் எனக்குக் கொடுத்த இந்தக் கேடயத்தின் அடியிலும் பொறித்திருக்கிறது: உரிய இடத்தில் உரிய முறையில் தீயை அணைத்த வீரப்பெண்மணி. பலகைக்கு முன்பே அதைப் பரப்பியவள் என் தோழி ஒருத்தி. ரேடியோ என்று கூப்பிடுவோம். எழுந்திரிக்க வேண்டாம் ரேடியோ, உன்னை எல்லாருக்கும் தெரியும். அவள் வாசலில் நின்று சொன்னாளாம்: "எங்க அக்கா இருக்காளே, ஒத்தக் கையால குழாயப் புடிச்சு, மாப்பிள்ள மேல ஒரு சொட்டு விழாம, கீழ குழியில மட்டும் அடிச்சா பாருங்க, பூச்செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி!"

நல்ல கதை. கேட்கக் கேட்க எனக்கே பிடித்துப்போன கதை. ஒரே ஒரு குறை. அது நடக்கவில்லை.

கைதட்டாதீர்கள். தன்னடக்கத்தால் சொல்கிறேன் என்று கைதட்டாதீர்கள்! நடந்ததைச் சொல்கிறேன்.

பிற்பகல் இரண்டே கால் மணி. உருளைக்குப் பின்புறம் ஒரு பேரிங் சூடேறிப் பொறி பறந்தது. பொறி கீழே குழியில் கிடந்த தூசியில் விழுந்தது. தாள் தூசி எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது எரியாது, ஓடும். பார்த்த இடத்தில் இருக்காது, பார்க்காத இடத்தில் எழும். விளக்கு அணைந்தது. மின்சாரம் போயிற்று. ஓடிக்கொண்டிருந்த உருளை முனகிக்கொண்டே நின்றது. கொதிக்கக் கொதிக்க நின்றது. என் பேத்தி குரல் மட்டும் கேட்டது.

"ஆவிய மூடுங்க! சிலிண்டர் எடுங்க! நான் போய் சின்ன மோட்டாரப் போடுறேன்!"

பெரிய மோட்டார் நின்றுபோனால் உருளையை மெல்லச் சுற்ற வைக்கத் தனி மின்சாரத்தில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது உருளைக்குப் பின்னால் இருக்கிறது. நெருப்பும் அங்கேதான் இருக்கிறது. அவள் புகைக்குள் நுழைந்தாள். வெள்ளை ஹெல்மெட் தெரிந்தது. பாதி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அவள் மறைந்த இடத்தில் நெருப்பு எழுந்தது.

தாய்மார்களே! உங்களைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளை மறைந்த இடத்தில் நெருப்பு எழுந்தால், ஒவ்வொரு நாளும் கத்திய பாடம் வாயில் நிற்குமா? நெஞ்சில் நிற்குமா? எனக்கு நிற்கவில்லை. தரை கழுவும் குழாய் காலடியில் கிடந்தது. எடுத்தேன். திறந்தேன். முதலில் குழியில்தான் அடித்தேன். அதுவரை ரேடியோ சொன்னது சரி. நெருப்பு ஏறியது. என் கையும் ஏறியது. நெருப்பு எங்கெங்கே ஏறியதோ அங்கெல்லாம் என் கை ஏறியது. உருளையின் பக்கவாட்டில், போல்ட்டுகள் வரிசையாக இருக்குமே, அந்த ஓரத்தில், முழு வேகத்தில், நான் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டு இல்லை. ஒரு குடம் இல்லை. பத்து எண்ணும் நேரம் அடித்தேன்.

ஆம். மாப்பிள்ளை மேல் தண்ணீர் அடித்தவள் நான்.

இரும்பு சீறியது. வெள்ளை ஆவி எழுந்து என்னையே மறைத்தது. அந்தச் சீற்றத்துக்குள்ளே இன்னொரு சத்தம் கேட்டேன். சின்னச் சத்தம். எவர்சில்வர் டம்ளரை விரல் நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி. ஒரே ஒரு தடவை. என் கை தானாகக் கீழே இறங்கியது. புகை விலகியபோது குழாய் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். சிலிண்டர் பிடித்தவர்கள் நெருப்பை அடக்கிவிட்டார்கள். சின்ன மோட்டார் ஓடியது. உருளை மெல்லச் சுற்றியது. கருகிய புருவத்தோடு என் பேத்தி வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இவ்வளவு அமைதி வேண்டாம். யாராவது இருமவாவது செய்யுங்கள். பயமாக இருக்கிறது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். கேளுங்கள் தம்பி, கேட்க வேண்டிய கேள்வி. மறுநாள் காலையில் பாதுகாப்பு அதிகாரி என்னைத் தம் அறைக்கு அழைத்தார். நாற்காலி போட்டார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். கேட்டார்:

"அம்மா, குழாய எந்தப் பக்கம் பிடிச்சீங்க?"

"கீழ, குழியில சார்."

"உருளைல பட்டுச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

யோசித்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? பட்டது என்று சொன்னால், "பொறுப்பாளரின் சொந்தப் பாட்டிக்கே பாடம் பதியவில்லை" என்று பேசுவார்களே, என் பேத்தியின் வெள்ளை ஹெல்மெட்டுக்குக் கரி பூசுவார்களே என்று யோசித்தேன். சரி, அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன், மேடையில் ஏறிவிட்டுப் பாதி உண்மை எதற்கு? வாசலிலிருந்து அந்த அறை வரை நடந்து வருவதற்குள் பதினேழு பேர் எனக்குக் கை கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினேழு கையையும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு சொட்டுகூடப் படல சார்."

"நீங்க சொன்னா சரிதாம்மா," என்றார். எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியை நம்பித்தான் உருளையை வெளியே மட்டும் துடைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குக் கீறல் தெரியவில்லை என்றார்கள். பக்கவாட்டைக் கழற்றவில்லை, உள்ளே இறங்கவில்லை, கீறலைக் காட்டும் மை தடவிச் சோதிக்கவில்லை. எதற்குச் சோதிக்க வேண்டும்? தண்ணீர்தான் படவில்லையே! முப்பது ஆண்டுகளாகப் பொய் சொல்லாத கிழவி சொல்லிவிட்டாளே!

அதிகாரி அவர்களே, தலையைக் குனியாதீர்கள். நம்பியது உங்கள் தவறில்லை. நம்ப வைத்தது என் தவறு.

அவர் மட்டுமா கேட்டார்? வீட்டில் என் பேத்தியும் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு போர்வையின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில்.

"பாட்டி, நெஜமாவே படலயா? நீ ஏதாவது பயந்துக்கிட்டு…"

"என்னடி, என்னையே சந்தேகப்படுறியா?"

"ஐயோ, இல்ல பாட்டி. தப்பா எடுத்துக்காத. மன்னிச்சிரு."

கேட்டீர்களா? அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் போர்வையை மடித்தேன். ஓரத்துக்கு ஓரம் சரியாக வைத்து மடித்தேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அன்றிலிருந்து என்னால் ஒரு பாத்திரம் கழுவ முடியவில்லை. கரண்டி தட்டில் பட்டால் திடுக்கிடுகிறது. சாவி தரையில் விழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். என் மகள் கேட்டாள், "என்னம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா?" போட்டேன் மகளே. அந்த மாத்திரை இந்தப் பிரஷருக்கு இல்லை. உருளையைச் சோதிக்க வந்தவர்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். பிறர் கண்டுபிடிக்கட்டும், நான் சொல்லாமல் தப்பிக்கட்டும்! எவ்வளவு சின்ன ஆசை, எவ்வளவு கேவலமான ஆசை!

இன்று காலையில் அவள் கிளம்பினாள். கண்ணாடிக்கு முன் நின்று, வளர ஆரம்பித்திருக்கும் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். சொன்னாள்:

"பாட்டி, இன்னிக்குத் தலைவர் பட்டன அமுக்குனதும் ஆவி ஏறும்ல, அப்ப மாப்பிள்ள பக்கத்துல முதல் ஆளா நிக்கப்போறது நான்தான். அழுத்தம் ஏறுறத நானே கிட்ட நின்னு பாக்கணும். பெருமையா இருக்கா?"

என் வாய், பழகிய வாய், "ரொம்பப் பெருமடி" என்றது.

தலைவர் அவர்களே! அந்தக் கையை… மன்னிக்க வேண்டும், அந்தக் கை பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெரியாமல்கூடப் பட்டுவிடக் கூடாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இதோ, இந்தக் கேடயத்தை உங்கள் மேசையில் வைக்கிறேன். இதைத் திரும்ப எடுக்க நான் வரமாட்டேன்.

எல்லா மேடையிலும் என்ன சொல்வார்கள்? அஞ்சாதீர்கள், அஞ்சாதீர்கள் என்பார்கள். அஞ்சாத நெஞ்சம் வேண்டும் என்பார்கள். நான் உங்களை அஞ்சச் சொல்கிறேன்! இரும்புக்கு அஞ்சுங்கள். ஆவிக்கு அஞ்சுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு அஞ்சுங்கள். "நீங்க சொன்னா சரிதான்" என்று யாராவது சொன்னால், அந்த வார்த்தைக்கு அஞ்சுங்கள்! நான் எதற்கு அஞ்சினேன்? பெயர் போய்விடும் என்று அஞ்சினேன். பேச்சு வரும் என்று அஞ்சினேன். பதினேழு பேர் கை கொடுக்க மாட்டார்கள் என்று அஞ்சினேன். அந்த அச்சத்துக்கு முன்னால் ஐந்து உயிர் எனக்குச் சின்னதாகத் தெரிந்ததே! அதில் ஒன்று என் உயிருக்கு உயிரானது என்று தெரிந்தும் சின்னதாகத் தெரிந்ததே! நான் கேட்ட அந்தச் சின்னச் சத்தம் ஒன்றுமில்லாமலே இருக்கலாம். ஏதோ ஒரு திருகு சுண்டியிருக்கலாம். குழாயின் தலையே எதிலாவது மோதியிருக்கலாம். இருக்கட்டும்! எல்லாரும் என்னைப் பார்த்து, "கிழவி வீணாகப் பயமுறுத்தி ஒரு மாதம் வேலையைக் கெடுத்தாள்" என்று ஏசுங்கள். ஆயுள் முழுக்க ஏசுங்கள். ஏசுவதற்கு நீங்கள் எல்லாரும் இருந்தால் போதும்.

உருளையைத் திறக்க வேண்டும். உள்ளே ஆள் இறங்க வேண்டும். மை தடவிப் பார்க்க வேண்டும். தட்டிக் கேட்க வேண்டும். நான் தண்ணீர் அடித்த இடத்தை நானே வந்து விரல் வைத்துக் காட்டுகிறேன். காட்டிவிட்டு, என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். அதுவரை, அதுவரை, அந்த உருளைக்குள் ஒரு மூச்சு ஆவிகூட ஏறக் கூடாது!

தலைவர் ஏதோ கேட்கிறார். உரக்கக் கேளுங்கள் ஐயா, எல்லாருக்கும் கேட்கட்டும்.

"அம்மா, நிச்சயமாப் பட்டுச்சா?"

"பட்டுச்சுய்யா. பக்கவாட்டுல. வாசல் பக்க ஓரம். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

எழுந்துவிட்டார். பொத்தானின் கம்பியைப் பாதுகாப்பு அதிகாரி பிடுங்கிவிட்டார். மைக் வேண்டுமா ஐயா? இந்தாருங்கள்.

"பாய்லர் ரூம், ஆவியத் திறக்காதீங்க. வால்வுக்குப் பூட்டுப் போடுங்க. உருளைகிட்ட இருக்கிற அஞ்சு பேரும் வெளிய வாங்க. உடனே வாங்க."

கேட்டீர்களா? கேட்டீர்களா தாய்மார்களே! தள்ளாதீர்கள், நாற்காலியில் ஏறாதீர்கள், வாசலுக்கு வழி விடுங்கள். கதவு திறக்கிறது. கத்தி மாற்றுகிறவர் வருகிறார். கம்பளம் பார்க்கிறவர் வருகிறார். எண்ணெய் போடுகிறவர், கையைக்கூடத் துடைக்காமல் வருகிறார். மின்சாரக்காரர் வருகிறார். அவர் மனைவி ஓடுகிறாள், விடுங்கள், ஓடட்டும்.

இன்னும் ஒருவர் வர வேண்டும்.

வருகிறாள். பொறுப்பாளர் கடைசியாகத்தான் வர வேண்டும். எல்லாரும் வந்துவிட்டார்களா என்று உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. மகளே, அவளைப் போய்ப் பிடித்து இழுத்து வராதே. பார்க்காமல் இருக்கட்டும். பேசாமல் இருக்கட்டும். உயிரோடு நின்று என்மேல் கோபப்படட்டும். அதைவிட ஒரு பாக்கியம் எனக்கு இனி வேண்டியதில்லை.

கையை மடியில் வைத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. முடிக்கச் சொல்லியும் நேரம் தந்த மேலாளருக்கு நன்றி. நடுவில் கேள்வி கேட்ட மூன்றாம் வரிசைத் தம்பிக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும், இந்த மேடையில் இனி ஏறும் உரிமை இல்லாதவளின் நன்றியும் வணக்கமும். நான் இறங்குகிறேன். அவளிடம் போய் நிற்க வேண்டும்.